தீப்பிடிக்காத வயரும் திரும்பி வந்த விமானமும்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் வயர் கம்பெனிகளுக்குத் திடீரென்று எங்கள் மேல் பாசம் பொங்கியது. அதுவரை வருடக் கடைசியில் ஒரு காலண்டரும் சாவிக்கொத்தும் கொடுத்துக் கும்பிட்டவர்கள், "இந்த வருஷம் சரக்க நல்லா ஓட்டுனா பாங்காக்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் எனக்கு மின்சாரச் சாமான் கடை. சுவிட்ச், ஹோல்டர், டியூப்லைட் சோக்கு, சுருள் சுருளாக வயர். நான் அதுவரை போயிருந்த தூரதேசம் வேளாங்கண்ணி.

கம்பெனியின் விற்பனை அதிகாரி மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார். அந்த வருடம் தீப்பிடிக்காத வயர் என்று ஒன்றைப் புதிதாக இறக்கியிருந்தார்கள். அதன் ஒரு துண்டை என் கல்லாவுக்கு முன்னால் தீக்குச்சியில் காட்டி, எரியவில்லை பாருங்கள் என்று நிரூபித்தார். கையைத்தான் சுட்டுக்கொண்டார். அந்த வயரை நான் எப்படி அவ்வளவு விற்றேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வீடு கட்டத் தோன்றியதுதான் காரணமாக இருக்க வேண்டும். என் திறமை என்று அதிகாரி சொன்னார். நானும் மறுக்கவில்லை.

"அண்ணே, தம்பதியா கூட்டிட்டுப் போறோம். அண்ணியையும் ரெடி பண்ணுங்க" என்றார்.

என் மனைவி மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் யார் தின்பண்டப் பொட்டலத்தை அவிழ்த்தது என்று கரும்பலகையிலிருந்து திரும்பாமலே சொல்லும் மூக்கு அவளுக்கு. பாங்காக் என்றதும் அவள் குதிக்கவில்லை. "பிள்ளைய எங்க அம்மா வீட்ல விட்ரலாம். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கணும், நீங்க முதல்ல ஷேவ் பண்ணுங்க" என்றாள். தாடிக்கொம்புப் பக்கத்திலிருந்து அவள் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து திண்டுக்கல் ரயில் நிலையத்தில் எங்களை வழியனுப்பினார்கள். ரயில் சென்னைக்குத்தான் போகிறது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு பேர் அழுதார்கள்.

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி எல்லாருக்கும் சிவப்பு டீ சர்ட்டும் தொப்பியும் கொடுத்தார். சர்ட்டின் முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் 'தீப்பிடிக்காது. பயப்படாதீர்கள்' என்று அச்சடித்திருந்தது. பெண்கள் அதைச் சேலைக்கு மேல் போட மறுத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லாரும் போட்டுக்கொண்டோம். தென்மாவட்டத்து வயர் வியாபாரிகள் மொத்தமாக ஒரே நிறத்தில் வரிசையில் நின்றதைப் பார்த்து மற்றப் பயணிகள் ஏதோ விளையாட்டு அணி என்று நினைத்திருப்பார்கள். எங்கள் வயிறுகளைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கும் மனைவிக்கும் பக்கத்தில் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். அவருக்கும் வயர்க்கடைதான். அவர் மனைவி விமானம் என்றதும் மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் தனியாக வந்திருந்தார். மடியில் ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. அதை எப்படிச் சோதனையைத் தாண்டிக் கொண்டுவந்தார் என்று யாருக்கும் தெரியாது. பணிப்பெண் முன்னால் நின்று, அவசரமென்றால் மேலிருந்து இது விழும் என்று மஞ்சள் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக் காட்டினார். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர்தான் அதைக் கவனித்தார்.

"ஏனுங்க, அத எறங்கறப்ப நாமளே வச்சுக்கலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

விமானம் ஏறிய பிறகு எல்லாரும் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தார்கள். வியாபாரிகள் அல்லவா. சுவிட்ச் எந்தக் கம்பெனி என்று ஒருவர் எழுந்து நின்று ஆராய்ந்தார். முன்சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையில் படம் ஓட ஆரம்பித்தது. ஜன்னலுக்குக் கீழே கடல் வந்துவிட்டது. நான் வாழ்க்கையில் உயர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மனைவி என் கையைத் தட்டினாள்.

"என்னங்க, ஏதோ கருகுது."

"ஏசி போட்டா அப்படித்தான் இருக்கும்" என்றேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் ஏசி வைத்த அறையில் உட்கார்ந்தது பாங்கியில் மட்டும்தான். ஆனால் குரலில் அது தெரியவில்லை.

"இல்ல. வயர் கருகுற வாடை. இந்த விளக்க எல்லாரும் போட்டப்ப லேசா வந்துச்சு, இப்பக் கூடுது."

"வயர்க்காரன் நான் சொல்றேன், ஒன்னுமில்ல. படத்தப் பாரு."

அவள் படத்தைப் பார்க்கவில்லை. கை நீட்டி, பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பொத்தானை அழுத்தினால் காசு கேட்பார்கள் என்று நினைத்து நான் தடுக்கப் பார்த்தேன். பணிப்பெண் வந்தார். தமிழ் தெரியாத பெண். மனைவி மூக்கைத் தொட்டுக் காட்டி, மேலே கை காட்டி, "வயர், வயர், ஸ்மெல்" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. வேகமாகப் போய் இன்னொருவரை அழைத்து வந்தார். இருவரும் எங்கள் தலைக்கு மேலிருந்த பலகைகளைப் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. ஒரு இடத்தில் ஒருவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அடுத்து விளக்குகள் அணைந்தன. திரைகள் செத்தன. பலகை இடுக்கிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை இறங்கியது.

வேறு விமானமாக இருந்தால் பயணிகள் உடனே அலறியிருப்பார்கள். எங்கள் விமானத்தில் அப்படி நடக்கவில்லை. கருத்தரங்கு தொடங்கியது.

"இது பிவிசி வாடை இல்லப்பா" என்றார் தேனிக்காரர் ஒருவர்.

"சோக்குங்க. நிச்சயமாச் சோக்கு" என்றார் ஒட்டன்சத்திரத்துக்காரர். "எங்க கடைல தெனமும் மோந்து பாக்கிறனுங்க."

"எர்த் குடுக்காம விட்ருப்பாய்ங்க" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"ஆகாசத்துல எர்த்த எங்கய்யா குடுக்கிறது?"

இந்தக் கேள்வியில்தான் முதன்முதலாக எல்லாருக்கும் பயம் வந்தது என்று நினைக்கிறேன். கடையில் எது புகைந்தாலும் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். மெயினை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவோம். இங்கே மெயின் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வாசலுக்கு வெளியே வங்கக்கடல் இருந்தது.

சிறிய தொழில்நுட்பக் காரணத்துக்காகச் சென்னைக்குத் திரும்புகிறோம் என்று ஒலிபெருக்கியில் விமானி சொன்னார். நிதானமான குரல். அந்தச் சிறிய காரணம் அதற்குள் கருப்பாகி, கண்ணைக் கரிக்க ஆரம்பித்திருந்தது. பணிப்பெண் தலையை முழுக்க மூடும் உறை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு சின்னக் கோடாலியால் பலகையின் ஓரத்தை நெம்பி, உள்ளே அணைப்பானை நீட்டி அடித்தார். அந்தப் பெண்ணுக்கு என் தங்கை வயதுகூட இருக்காது. முப்பது வியாபாரிகள் 'தீப்பிடிக்காது. பயப்படாதீர்கள்' என்று முதுகில் எழுதிக்கொண்டு சீட்டுக்குக் கீழே ஒளியப் பார்த்தார்கள்.

மஞ்சள் முகமூடி விழவே இல்லை. எல்லாரும் மேலே பார்த்துக் கத்தினார்கள். ஒட்டன்சத்திரத்துக்காரர் கால்சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, முகமூடி இருக்கும் மூடியை நெம்ப ஆரம்பித்தார். பணிப்பெண் உறைக்குள்ளிருந்தே ஒரு அதட்டு அதட்டினார். என்ன மொழி என்று தெரியாவிட்டாலும் பொருள் விளங்கியது. அவர் சீப்பைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பழனியாண்டவா, பத்திரமா எறக்கி விட்ரு. எனக்கு மொட்டைங்க. இங்கிருக்கற அத்தன பேருக்கும் மொட்டைங்க" என்று உரக்க வேண்டினார்.

"நாங்க கிறிஸ்தவங்கப்பா" என்றேன். ஏன் அந்த நேரத்தில் அதைச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

"சாமி அதெல்லாம் பாக்காதுங்க" என்றார் கண்ணைத் திறக்காமல்.

மனைவி அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முந்தானையில் ஊற்றினாள். பாதியை என் மூக்கில் வைத்து அழுத்தினாள். மீதிப் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். "தலையக் கீழ வைங்க. பேசாதீங்க. செத்த நேரந்தான்" என்றாள். ஒன்றாம் வகுப்புக் குரல். நான் தலையைக் கீழே வைத்தேன். ஈரச் சேலையின் வழியாக மூச்சு விட்டபடி, என் மகள் இப்போது தாடிக்கொம்பில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அதை மட்டும் கிண்டலாகச் சொல்ல இன்றும் எனக்கு வரவில்லை.

விமானம் தரையில் மோதியது என்றுதான் சொல்ல வேண்டும். நின்றதும் கதவுகள் திறந்தன. காற்றடைத்த சறுக்கு வெளியே விரிந்தது. பைகளை விட்டுவிட்டு வாருங்கள் என்று கத்தினார்கள். உடனே எல்லாரும் மேலே கைவிட்டுப் பைகளை எடுக்க ஆரம்பித்தார்கள். உயிர் போனாலும் ஊறுகாய் போகக் கூடாது. வழி அடைத்துக்கொண்டது.

என் மனைவி சீட்டின் மேல் ஏறி நின்றாள்.

"பையக் கீழ போடு! வரிசையா வா! தள்ளாத, தள்ளாத!" என்று கத்தினாள்.

தென்மாவட்டத்து வயர் வியாபாரம் முழுவதும் பையைக் கீழே போட்டது. வரிசையாக நகர்ந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்போல வாயில் விரல் வைக்காததுதான் குறை. அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சறுக்கில் குதித்தாள். அடுத்தது நான். விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். எங்கள் வீட்டு மாடியைவிட உயரம். யோசித்துக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு கை பட்டுத் தள்ளியது. அந்தப் பணிப்பெண்தான். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

யாரும் சாகவில்லை. சிலருக்குக் கணுக்கால் பிசகியது. மனைவிக்கு முழங்கை சறுக்கில் உரசித் தோல் வழண்டிருந்தது. தீயணைப்பு வண்டிகள் நுரை அடிப்பதைப் பார்த்தபடி புல்லில் நின்றோம். ஒட்டன்சத்திரத்துக்காரர் கையில் தூக்குவாளி இருந்தது.

எங்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தார்கள். எங்களை ஏற்றிவிட்டு அங்கேயே தங்கிவிட்ட விற்பனை அதிகாரி டை முதுகுப்பக்கம் தொங்க ஓடிவந்தார். ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒரு உதவி" என்றார் குரலைத் தாழ்த்தி. "வெளிய டிவிக்காரங்க வந்துட்டாங்க. சட்டையத் திருப்பிப் போட்டுக்கங்க."

அந்தக் கூடத்தில் நாங்கள் அத்தனை பேரும் எழுந்து டீ சர்ட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டோம். அப்படியும் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. டிவியில் எங்களைக் காட்டியபோது, சட்டையைச் சரியாகப் போடக்கூட முடியாத அளவுக்கு அதிர்ச்சியில் இருக்கும் பயணிகள் என்று சொன்னார்களாம்.

மறுநாள் வேறு விமானம் ஏற்பாடு செய்திருப்பதாக அதிகாரி அறிவித்தார். விருப்பமுள்ளவர்கள் வரலாம். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பயந்திருப்பாள், தேற்ற வேண்டும் என்று தயாரானேன்.

"நம்ம ரயில்லயே ஊருக்குப் போயிரலாம்" என்றேன்.

"நீங்க போங்க. நான் பாங்காக் போறேன்."

"கிறுக்கா ஒனக்கு?"

"நேத்துத் தாடிக்கொம்புல இருந்து அம்புட்டுப் பேரு வந்து அழுது வழியனுப்பியிருக்காங்க. பாதியில திரும்பிப் போயி நிக்கச் சொல்றீங்களா? இன்னிக்கு எரிஞ்ச வண்டி வேற, நாளைக்குப் போறது வேற. தேனிக்கார அக்காவும் வாராங்க. நாங்க போறோம்."

அவள் போனாள். வியாபாரிகளின் மனைவிகளில் முக்கால்வாசிப் பேர் போனார்கள். கணவன்மார்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினோம். ரயிலுக்குக்கூட மனமில்லாமல் நான் பேருந்தில் வந்தேன். பேருந்தின் விளக்கு மினுங்கியபோதெல்லாம் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

திண்டுக்கல்லில் எனக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. கடைக்கு வந்தவர்கள் ஒருவரும் ஒரு ஹோல்டர்கூட வாங்கவில்லை. எல்லாரும் கதை கேட்க வந்தார்கள். "அண்ணே, பிளைன்ல நம்ம கம்பெனி வயரா?" என்று கேட்டார்கள். "அண்ணி எங்க?" என்ற கேள்விக்குத்தான் கஷ்டப்பட்டேன். "பாங்காக்ல" என்றதும் அனுதாபம் என்னை விட்டு எங்கோ போய்விடும். என் மாமனார் மகளைக் கேட்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி மாப்ள, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளிதழில் எங்கள் செய்தி ஐந்தாம் பக்கத்தில் வந்தது. எங்கள் வட்டாரத்தில் எது எரிந்தாலும் மின்கசிவு என்றுதான் எழுதுவார்கள். வைக்கோல் போர் எரிந்தாலும் மின்கசிவு. கரண்டு கம்பமே போகாத சிறுமலைக் குடிசை எரிந்தாலும் மின்கசிவு. வாழ்நாளில் ஒருமுறை உண்மையாகவே மின்கசிவில் மாட்டினோம். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று போட்டிருந்தார்கள்.

மனைவி முழங்கையில் பிளாஸ்திரியோடு வந்து சேர்ந்தாள். மகளுக்கு ஒரு பொம்மை யானை, எனக்கு ஒரு தொப்பி. அங்கே படகில் காய்கறி விற்கிறார்கள் என்பதைத் தவிர அவள் அதிகம் பேசவில்லை.

சில மாதம் கழித்துக் கடைக்கு ஒரு போன் வந்தது. தீ எப்படிப் பிடித்தது என்று விசாரிக்கும் அதிகாரி ஒருவர், தமிழில் பேசினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வயர்க்காரன் என்ற முறையில் என் கருத்துகளை விரிவாக எடுத்துச் சொன்னேன். சோக்கு, எர்த், லோடு என்று ஒன்று விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப நன்றி சார். மேடம் இருக்காங்களா? முதல்ல பெல் அடிச்சது அவங்கதானே?"

மனைவி பள்ளியிலிருந்து வந்ததும் பேசினாள். வாடை எப்போது வந்தது, எந்தப் பக்கம், படம் ஓடுவதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்களாம். கடைசியில் அவர் விஷயத்தை அவளுக்கே விளக்கியிருக்கிறார். பலகைக்குப் பின்னால் போன வயர்க்கட்டு, அதைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையில் வருடக்கணக்காக உரசித் தோல் தேய்ந்திருக்கிறது. அதில் பொறி பறந்து, அங்கே சேர்ந்திருந்த தூசியும் பஞ்சும் பற்றிக்கொண்டன. முகமூடி விழாததும் வேண்டுமென்றே செய்ததுதானாம். அது புகையைத் தடுக்காது, ஆக்சிஜன் பரவினால் தீ இன்னும் ஏறும். சீப்பால் நெம்பியவர் வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளிடம் கேட்டேன். "அதான் அந்தப் பொண்ணு அதட்டுச்சு" என்றாள்.

சீப்புக்காரர் ஒருநாள் ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் செய்தார்.

"ஏனுங்க, மொட்டைக்கு எப்ப வர்றீங்க? எல்லாத்துக்கும் சேத்து வேண்டிட்டனுங்க. ஒருத்தரும் அகப்பட மாட்டேங்கறாங்க."

நான் மறுக்கப் பார்த்தேன். மனைவி பக்கத்திலிருந்து, "அவரு நமக்கும் சேத்துத்தான வேண்டுனாரு. கூடப் போயிட்டு வாங்க" என்றாள். போனேன். பழனியில் அவர் மட்டும் மொட்டையடித்துக்கொண்டார். என் தலையைப் பார்த்த நாவிதர், இதில் எடுக்க அதிகம் இல்லையே என்று சிரித்தார். பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடம் கம்பெனி பரிசை மாற்றியது. பாங்காக் போய் கிரைண்டர் வந்தது. வியாபாரிகள் எல்லாரும் ஒரே குரலில் வரவேற்றோம். என் மனைவி ஒருத்திதான் கோபப்பட்டாள். விற்பனை அதிகாரி கடைக்கு வந்தபோது, "ஏன் தம்பி, ஒரு தடவ புகை வந்துட்டா ஆட்டுக்கல்லுதானா?" என்று நேராகவே கேட்டாள். அவர் டையைத் தடவிக்கொண்டு நழுவிவிட்டார்.

பிறகு அவள் அண்ணன் மகளுக்கு டெல்லியில் கல்யாணம் வந்தது. ரயிலில் போகலாம் என்றேன். பள்ளியில் லீவு கிடையாது என்றாள். மதுரையிலிருந்து விமானம் ஏறினோம், சென்னையில் மாறினோம். நான் பணிப்பெண் காட்டிய ஒவ்வொன்றையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் பார்த்தேன். பக்கத்து மேல்பலகையைப் புறங்கையால் தொட்டேன். இரண்டு முறை தொட்டேன். முன்சீட்டுக் குழந்தை என்னைப் பார்த்து அதுவும் தொட ஆரம்பித்தது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, மேகம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். தலை மெல்லச் சரிந்து என் தோளில் வந்து நின்றது. கை மரத்துப் போனது. எழுந்து எதையும் தொட்டுப் பார்க்க முடியவில்லை. டெல்லி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.